வெயில் இலவசம் என்பவர்களுக்கு

ஜொகூர் பாருவில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் நான்கு பேர் கூடினால், சற்று நேரத்தில் ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "வெள்ளைக்காரன் குளிர்காலம் பூரா ஹீட்டருக்குக் காசைக் கொட்டுறான். நமக்கு அந்தத் தொல்லையே இல்ல. வீட்டுக்குப் பின்னால கண்ணாடிக் கூரை போட்டு நாலு தொட்டிய வெச்சா வெளிச்சமும் சும்மா, சூடும் சும்மா." மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. இந்தப் பேச்சை நம்பிப் பாலிகார்பனேட் தகடும் இரும்புக் குழாயும் வாங்கி, பசுமைக்குடில் கட்டி, அதற்குள் பவளம் வளர்க்கத் தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. சிறு தவறு என்று திருத்திவிட்டுப் போகக்கூடியதும் அன்று, அடிப்படையே தலைகீழ். குளிர்நாட்டுப் பவளப் பண்ணையின் செலவுப் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதில் ஹீட்டர் செலவை மட்டும் அடித்துவிட்டு, மிச்சமெல்லாம் லாபம் என்கிறார்கள். அந்தக் கூடம் எதற்காகக் கட்டப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. அது சூட்டைப் பிடித்து வைக்கக் கட்டப்பட்டது. சூடு தேவையில்லை என்றால் கூடமே தேவையில்லை. குளிர்நாட்டுக்காரனின் கம்பளியை வாங்கி ஜொகூர் வெயிலில் போர்த்திக்கொண்டு, "விறகுச் செலவு மிச்சம்" என்று மெச்சிக்கொள்வது போன்றது இது.

முதலில் குளிர்நாட்டுக்காரர்கள் பக்கத்துக் கணக்கைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ரோமுலஸ் என்ற ஊரில், டிராப்பிகோரியம் என்ற பவளப் பண்ணை பசுமைக்குடிலுக்குள் நடந்தது. ஜனவரியில் அங்கே பகலிலும் பனி உருகாத நாட்கள் சாதாரணம். பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரும் கூரையும் சேர்ந்து 150 சதுர மீட்டர் வரும். இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தகடு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 வாட் வெப்பத்தைக் கசியவிடும். உள்ளே 20 டிகிரி, வெளியே உறைநிலைக்கு ஐந்து டிகிரி கீழே என்றால் இழப்பு 11 கிலோவாட்டைத் தாண்டும். நாள் முழுக்க அப்படியே நீடித்தால் 270 யூனிட். சிறிய தொகை இல்லை. மறுக்கவில்லை.

ஆனால் அந்த 11 கிலோவாட்டைக் குறைக்க அவர்களிடம் வழிகள் இருக்கின்றன. உள்பக்கம் இன்னொரு பிளாஸ்டிக் படலம் இழுத்துக் கட்டினால் கசிவு கணிசமாகக் குறையும். காற்றைச் சூடாக்குவதை விட்டுவிட்டுத் தொட்டி நீரை மட்டும் சூடாக்கி, தொட்டியைச் சுற்றி நுரைப்பலகை ஒட்டினால் மேலும் குறையும். இரவில் தொட்டிக்கு மூடி போடலாம். எரிவாயு எரிக்கலாம். அத்தோடு, பம்பும் விளக்கும் வெளியிடும் ஒவ்வொரு வாட்டும் அங்கே ஹீட்டர் செலவில் கழிந்துவிடும். குளிருக்கு எதிரான போராட்டம் எதையாவது எரித்தால் ஜெயிக்கக்கூடியது. மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக அதில் ஜெயித்துத்தான் வருகிறான்.

இப்போது அதே கூடத்தை அப்படியே தூக்கி ஜொகூரின் கூலாயில் வையுங்கள். நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரி வடக்கில் இருக்கிறோம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே. மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் 900, 1000 வாட் விழும். அறுபது சதுர மீட்டர் கூரைக்கு, தகடு ஐந்தில் ஒரு பங்கைத் தடுத்தாலும், உள்ளே இறங்குவது 40 கிலோவாட்டுக்கு மேல். மிச்சிகன்காரர் ஜனவரி இரவில் உள்ளே ஊட்டப் போராடும் 11 கிலோவாட் எங்கே, நாம் நண்பகலில் வெளியேற்ற வேண்டிய 40 கிலோவாட் எங்கே? மூடிய கூடத்தில் சில்லர் என்னும் குளிர்விப்பான் வைத்து இதை வெளியேற்றுவதானால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பத்தை இழுக்கும் நல்ல எந்திரம் என்றே வைத்துக்கொண்டாலும், 13 கிலோவாட் மின்சாரம் தேவை. வீட்டுக் கொல்லையில் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். என்ன செய்வார்கள்? பக்கத் தகடுகளைக் கழற்றுவார்கள். கழற்றிய பின் அது பசுமைக்குடில் இல்லை, வெறும் கூரை. கூரைதான் வேண்டும் என்றால் அதை முதலிலேயே கட்டியிருக்கலாம்.

"பவளம் வெப்ப மண்டலத்து உயிர்தானே, சூடு அதற்குப் பிடிக்கும்" என்ற வாதம் அடுத்து வரும். இதைச் சொல்கிறவர் மெர்சிங்கில் படகேறி ராவா, திங்கி, சிபு தீவுகளுக்குப் போய் வந்தவராகவும் இருப்பார். அந்தக் கடல் மழைக்காலத்தில் 26, 27 டிகிரி வாக்கிலும், மே, ஜூன் மாதங்களில் 30ஐ ஒட்டியும் இருக்கும். பவளம் அந்த இடைவெளியின் மேல் விளிம்பில் வாழ்கிறது. ஓர் இடத்தின் மிக வெப்பமான மாதத்தின் சராசரியைவிட ஒரே ஒரு டிகிரி கூடிவிட்டால் வெளிறல் அபாயம் தொடங்குகிறது என்பதுதான் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா வைத்திருக்கும் அளவுகோல். அந்த ஒரு டிகிரி கூடுதல் நான்கு வாரம் நீடித்தால் வெளிறல் கண்ணுக்குத் தெரியும். எட்டு வாரம் நீடித்தால் சாவு விழும். பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள்தான் அதன் உணவில் பெரும்பகுதியைச் சமைத்துத் தருகின்றன. வெப்பமும் கடும் ஒளியும் சேர்ந்தால் அந்தப் பாசிகளின் ஒளிச்சேர்க்கை எந்திரம் பழுதாகி நச்சு ஆக்சிஜனைக் கக்கத் தொடங்கும். பவளம் அவற்றை வெளியே தள்ளிவிடும். வெளிறிய பவளம் அந்தக் கணத்தில் சாவதில்லை; பாசிகள் திரும்பி வராவிட்டால் பட்டினியில் மெல்லச் சாகிறது. கவனியுங்கள்: வெப்பமும் கடும் ஒளியும் சேர்ந்து. பசுமைக்குடில் இலவசமாகக் கொடுப்பதாகச் சொல்லப்படும் இரண்டும் இவைதான்.

இது ஏட்டுக் கதையன்று. 1998ல் உலகெங்கும் பவளம் வெளிறியது. 2010ல் மலேசியக் கிழக்குக் கடற்கரையில் வெளிறல் பரவி, தியோமான், ரெடாங் போன்ற தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை அரசு மாதக்கணக்கில் மூடி வைத்தது. நமக்கு நெருக்கமான மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் அதே கதை. 2024 ஏப்ரலில் நோவா நான்காவது உலகளாவிய வெளிறலை அறிவித்தது. திறந்த கடலிலேயே, அலையும் நீரோட்டமும் ஆழமும் இருக்கிற இடத்திலேயே இந்த நிலை. 500 லிட்டர் தண்ணீரைத் தகட்டுக் கூரைக்கு அடியில் வைத்துவிட்டு "இயற்கையே பார்த்துக்கொள்ளும்" என்பது துணிச்சல்தான்.

குளிரும் பவளத்தைக் கொல்லும். அதையும் சொல்லிவிட வேண்டும். 2010 ஜனவரியில் புளோரிடா கீஸ் தீவுகளில் வந்த குளிர் அலையில் கரையோரப் பவளங்கள் ஏராளமாகச் செத்தன. அதே புளோரிடாவில் 2023 ஜூலையில் கடல் கொதிநிலைக்குப் போட்டி போட்டபோது, மறுநடவுக்காகக் கடலில் வளர்த்து வந்த பவளங்களை அவசர அவசரமாக வெளியே எடுத்து, வெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட கரைத் தொட்டிகளுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. ஜொகூரில் ஒரு பக்கம் மட்டுமே உண்டு, அது எந்தப் பக்கம் என்பதுதான் என் பேச்சு.

லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகம் 2013ல் தன் உள்ளறைத் தொட்டிகளில் பவளங்களை முட்டையிட வைத்தது. நிலவொளி, பகல் நீளம், பருவத்துக்குப் பருவம் மாறும் நீரின் வெப்பம் எல்லாவற்றையும் கருவிகளால் நடித்துக் காட்டித்தான் அதைச் சாதித்தார்கள். குளிர்நாட்டு அறை அதற்கு இடைஞ்சலாக இல்லை. சொல்லப்போனால் உதவியாகவே இருந்திருக்கும்: வெளியே குளிராக இருக்கும்போது நீரை 26க்கு உயர்த்துவதும் 28க்கு உயர்த்துவதும் ஒரே ஹீட்டரின் வேலை. வெளியே 33 இருக்கும்போது 26க்கு இறக்குவது வேறு வேலை.

ஏன் வேறு வேலை? வெப்பத்தை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். குளிர்நாட்டில் கொட்டுவதற்கு இடம் ஏராளம்: இரவுக் காற்று, தெளிந்த வானம், பத்துப் பன்னிரண்டு டிகிரியில் கிடக்கும் நிலத்தடி மண். ஜொகூரில் இரவு 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். வானத்தில் மேகமும் ஈரமும் நிறைந்திருப்பதால் இரவில் வெப்பம் மேலே தப்புவது மந்தம். மண்ணைத் தோண்டினால் ஆண்டுச் சராசரி வெப்பம்தான் கிடைக்கும், அதாவது 27 வாக்கில். குழாயைப் புதைத்து நீரைக் குளிர்விக்கும் குளிர்நாட்டு யுக்தி இங்கே மதிய உச்சத்தைக் கொஞ்சம் மழுங்கடிக்கும், அவ்வளவே. நமக்கு மிச்சமிருக்கும் நல்ல வழி ஒன்றே ஒன்று. நீர் ஆவியாவது.

இங்கேதான் விசிறிக்காரர்கள் வருகிறார்கள். "சில்லரே வேணாம், ரெண்டு விசிறி போதும்" என்பவர்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை, அதுவும் நல்ல உண்மை. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் அது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம் 500 லிட்டர் தொட்டியை ஒரு டிகிரிக்குச் சற்றுமேல் குளிர்விக்கப் போதும். ஆனால் ஆவியாதலுக்கு ஓர் எல்லை உண்டு: ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, அதாவது ஈரக்குமிழ் வெப்பநிலை. அதற்குக் கீழே எந்த விசிறியாலும் நீரை இறக்க முடியாது. 32 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 65 விழுக்காடு இருக்கும் ஜொகூர் மதியத்தில் அந்த எல்லை 26ஐ ஒட்டி நிற்கும். நிழலில், காற்றோட்டத்தில் வைத்த தொட்டியை விசிறி 27, 28ல் பிடித்து வைக்க முடியும் என்று பொருள். பவளத்துக்கு அது போதும். மூடிய கூடத்துக்குள் என்ன ஆகும்? ஆவியான நீர் உள்ளேயே தங்கும். காற்று ஈரத்தால் நிறைந்துவிடும். விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், நீர் ஆவியாகாது. தகட்டுச் சுவரில் வியர்வை வழியும். ஜொகூரில் கடவுள் கொடுத்த ஒரே குளிர்சாதனத்தைப் பசுமைக்குடிலின் சுவர் அடைத்துவிடுகிறது. எனக்கு அந்தச் சுவரோடு உள்ள பகை இதுதான்.

சில்லரை அதே கூடத்துக்குள் வைத்துவிடுகிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. நீரிலிருந்து எடுத்த வெப்பத்தைச் சில்லர் தன் முதுகுப் பக்கத்தில் காற்றாக ஊதுகிறது. அந்தக் காற்று மறுபடி தொட்டியைச் சுடுகிறது. எந்திரம் தன்னோடு தானே மல்லுக்கட்டும் இந்தக் காட்சிக்கு மாதா மாதம் மின் கட்டணமும் கட்ட வேண்டும். 2014 முதல் 2025 ஜூன் வரை வீட்டு மின்சாரத்துக்கு முதல் 200 யூனிட் 21.80 சென், 900ஐத் தாண்டினால் 57.10 சென். வீட்டு விளக்கும் குளிர்பெட்டியும் கீழ்ப்படியைத் தின்றுவிட்ட பிறகு, சில்லரின் யூனிட்டுகள் எல்லாம் மேல்படியில்தான் விழுந்தன. 2025 ஜூலையில் கட்டண முறை மாறிவிட்டது. நிறையச் செலவழிப்பவர் நிறையக் கட்டுவது மாறவில்லை. ஒரு பம்பு ஓடுவதற்கு ஒரு முறை கட்டுகிறோம். அது நீரில் விட்ட வெப்பத்தை வெளியேற்ற இன்னொரு முறை கட்டுகிறோம். மிச்சிகன்காரருக்கு இந்த இரண்டாவது கட்டணம் குளிர்காலத்தில் கிடையாது. அவருடைய ஹீட்டர் குளிர் மாதங்களில்தான் ஓடும். நம்முடைய சில்லருக்கு விடுமுறையே இல்லை.

நம் பகுதியில் கண்ணாடிக் கூடங்கள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று சுற்றிப் பார்த்தாலே விளங்கும். தெப்ராவ் நீரிணைக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், 2012ல் திறந்த கரையோரப் பூந்தோட்டத்தின் மலர்க்கூடம் உலகப் புகழ்பெற்றது. அது 23 முதல் 25 டிகிரி வரை குளிரூட்டப்பட்ட கண்ணாடி மாளிகை. அதைக் குளிர்விக்கத் தீவின் மரக்கிளைக் கழிவுகளை எரித்து ஆற்றல் எடுக்கிறார்கள். காற்றின் ஈரத்தைப் பிரித்தெடுக்கத் தனி ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அரசாங்கக் கஜானா பின்னால் நின்றால்தான் வெப்ப மண்டலத்தில் மூடிய கண்ணாடிக்குள் குளிர்ச்சி சாத்தியம் என்பதற்கு அது சாட்சி. இன்னொரு பக்கம் கேமரன் மலை. அங்கே மலைச்சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரைகள். சூட்டுக்காகப் போட்டவை அல்ல அவை. மழை இலையைக் கிழித்து உரத்தை அடித்துக்கொண்டு போகாமலிருக்கப் போட்டவை. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே, நமக்கெல்லாம் ஸ்வெட்டர் தேவைப்படும் ஊரிலேயே மழைதான் கவலை என்றால், கடலோரப் பாசிர் கூடாங்கில் என்ன சொல்வது! செடெனாக்கிலும் கூலாயிலும் எழுந்து நிற்கும் தரவு மையங்களைப் பற்றி இப்போது நடக்கும் வாக்குவாதம் பெரும்பாலும் அவற்றைக் குளிர்விக்கும் மின்சாரத்தையும் தண்ணீரையும் பற்றியதுதான். கோடிகளைக் கொட்டுகிறவர்களுக்கே இந்த ஊரில் வெப்பத்தை வெளியேற்றுவது தலைவலி.

வெயில் இலவசம் என்னும் கட்சிக்காரர்களிடம் உள்ள ஆகப் பெரிய சாட்சி லீ சின் எங். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்தவர். உயிர்ப்பாறை, கடல்நீர், சூரிய ஒளி, மெல்லிய காற்றுக்குமிழி, இவ்வளவையும் வைத்துப் பவளத்தை வீட்டுத் தொட்டியில் வாழ வைத்தவர். 1961ல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் தம் முறையை எழுதினார். இன்று உலகம் முழுக்கப் பவளத் தொட்டியில் உயிர்ப்பாறை வைக்கிறார்கள் என்றால் அவருக்கும் அதில் பங்குண்டு. நம்மைப் போன்ற ஊரில் பிறந்த முறை என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அவருடைய முறையில் கண்ணாடிக் கூடம் ஓர் அங்கமே இல்லை. கடல்நீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அவருடைய வெயிலை மட்டும் எடுத்துக்கொண்டு, அவருடைய கடலை விட்டுவிடுகிறார்கள்.

இனி மழைக்கால ஹீட்டர். "குளிர் இல்லை" என்று சொல்லும் அதே வாய் டிசம்பரில் ஹீட்டர் வாங்கச் சொல்லும்! வடகிழக்குப் பருவமழை நாள் கணக்கில் கொட்டும்போது காற்று 22, 23 டிகிரிக்கு இறங்குவதுண்டு. 2018 ஜனவரியில் அப்படி ஒரு வாரம் வந்தது. தொட்டி நீர் அப்போது 24ஐத் தொடலாம். பவளம் அதைத் தாங்கும். மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வருவது ஓர் ஒட்டுண்ணியால்; நீரின் வெப்பம் திடீரென ஏறி இறங்கினால் மீன் தளர்ந்து அதற்கு எளிதில் இரையாகும். நீரின் ஆழத்தைக் கூட்டினாலே அந்த ஏற்ற இறக்கம் அடங்கும். ஹீட்டரோ, அதன் கட்டுப்பாட்டுச் சுவிட்சு ஒருநாள் அணையாமல் ஒட்டிக்கொண்டால், குளிர்நாட்டில் வெளிக்குளிர் கொஞ்சமாவது ஈடுகட்டும். இங்கே தொட்டி குழம்பாகிவிடும். மழைக்காலத்தின் உண்மையான எதிரி மழைநீரே. ஐம்பது சென்டிமீட்டர் ஆழத் தொட்டியில் பத்து சென்டிமீட்டர் மழை விழுந்து கலந்தால், ஆயிரத்துக்கு 35 இருந்த உப்பு 29க்கு இறங்கிவிடும். 2006 டிசம்பரில் கோத்தா திங்கியை மூழ்கடித்த மழையைப் பார்த்தவர்களுக்குப் பத்து சென்டிமீட்டர் ஒரு நாளில் விழக்கூடியது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே கூரை வேண்டும். கூரைக்கும் பசுமைக்குடிலுக்கும் உள்ள வித்தியாசம் நான்கு சுவர்.

மின்சாரம் நின்றுபோகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஜனவரி இரவில் மிச்சிகனில் நின்றால், பெரிய தொட்டியின் நீர் மெதுவாக ஆறும். நுரைப்பலகை சுற்றியிருந்தால் இன்னும் மெதுவாக. ஜெனரேட்டரைத் தட்டியெழுப்ப நேரம் இருக்கும். ஜொகூரில் பிற்பகல் இரண்டு மணிக்கு நின்றால் பம்பும் விசிறியும் சில்லரும் ஒரே கணத்தில் ஓயும். 25 டிகிரி கடல்நீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் வைத்திருக்கும். 30 டிகிரியில் 6.2தான். நீர் சூடாகும்போது மீனின் மூச்சுத்தேவை கூடுகிறது, மூச்சு குறைகிறது. சூடேறிய கூடத்துக்குள் இந்த இரண்டும் இன்னும் வேகமாக நடக்கும்.

அப்படியானால் ஜொகூரில் வெளியே பவளம் வளர்க்கவே முடியாதா? முடியும், அழகாகவே முடியும். நம் ஊர் அத்தாப்புக் கொட்டகையைக் கட்டியவர்களுக்கு வெப்பம் தெரியும்: உயரமான கூரை, உச்சியில் காற்றுப் போக வழி, பக்கங்கள் திறப்பு. அதே வடிவத்தில் மேலே தெளிந்த தகடு போடுங்கள். தகட்டுக்கு மேல், அதை ஒட்டாமல், பாதி வெயிலையாவது தடுக்கும் நிழல்வலை. தொட்டியை ஆழமாக வையுங்கள். நீரை வடிகட்டும் சம்ப் தொட்டியை நிழலான மூலையில் தரைக்குள் இறக்குங்கள். நீர்மேல் காற்றடிக்க விசிறி. ஆவியாகிப் போகும் நீருக்கு ஈடாக உப்பில்லாத நீரைத் தானாக ஊற்றும் மிதவை வால்வு. இதை மறந்தால் உப்பு ஏறி அதுவே கொல்லும். சில்லர் வைத்தாலும் சிறியதாக, கூரைக்கு வெளியே, மார்ச் முதல் ஜூன் வரையிலான மாதங்களுக்குத் துணையாக. நிழலில் பவளம் வளராது என்று பயப்பட வேண்டாம். நம் நண்பகல் வெயிலில் பாதி என்பது பெரும்பாலான தொட்டிப் பவளங்களுக்குத் தேவைக்கு மேல்.

ஏற்கெனவே நான்கு பக்கமும் தகடு அடித்துவிட்டவர்கள் மார்ச் வருவதற்குள் பக்கத் தகடுகளைக் கழற்றிவிடுங்கள். கூரையின் உச்சியில் ஒரு முழம் இடைவெளி விடுங்கள். டிசம்பருக்கென்று ஹீட்டர் வாங்க எடுத்து வைத்த வெள்ளியில் நிழல்வலை வாங்குங்கள்.